ஒரு காமிக்ஸ் இதழும் நான் எழுதிய பூஜ்யமும்





நியூ ஜெர்சியில் உள்ள எங்கள் பள்ளிவாசலின் மத்ரஸாவில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் கொடுக்கல் வாங்கல் பற்றிய பாடம் வந்தது. கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்ததும், உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைக்காததற்காக வியாபாரியைக் கண்டித்ததும் நாம் அனைவரும் அறிந்த செய்தி. அதை அன்று மிகுந்த உற்சாகத்தோடு விளக்கினேன். பிள்ளைகளும் கவனமாகக் கேட்டார்கள்.

அன்று மாலையே என் வீட்டுத் தானியக் குவியலுக்குள் என் மகள் கையை நுழைப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

மகளுக்கு அப்போது பதினேழு வயது. கல்லூரிச் செலவுக்காகத் தன் காமிக்ஸ் சேகரிப்பில் சிலவற்றை விற்க முடிவு செய்திருந்தாள். அவளுக்கு வயது நிறைவடையாததால் இணையச் சந்தையில் என் பெயரில் உள்ள கணக்கிலேயே விற்பனை நடந்தது. மத்ரஸா ஆசிரியர் வீட்டில் படக்கதையா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். உருவப் படங்கள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள விவாதம் எனக்குத் தெரியாததன்று. மகளிடமும் அதைப் பேசியே வந்திருக்கிறேன். ஆனால் இந்தக் கட்டுரையின் பொருள் அதுவன்று.

அவள் விற்க எடுத்த இதழ், 2013-ல் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட 'கேப்டன் மார்வெல்' 14-ஆம் எண். கமலா கான் என்ற முஸ்லிம் சிறுமி முதன்முதலில் தலைகாட்டியது அதில்தான். அதுவும் பெயர்கூட இல்லாமல், போகிற போக்கில். பாகிஸ்தானிலிருந்து வந்து எங்கள் மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் குடியேறிய குடும்பத்துப் பெண் அவள். 2014-ல் 'மிஸ் மார்வெல்' என்ற தனி இதழ் அவளுக்காகவே தொடங்கப்பட்டது. அதை எழுதிய ஜி. வில்லோ வில்சன் இஸ்லாத்தைத் தழுவியவர். அக்கதையின் முதல் தொகுப்புக்கு 2015-ல் ஹியூகோ விருது கிடைத்தது. 2022-ல் அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. பள்ளிக்கூடத்தில் முக்காடிட்ட ஒரே சிறுமியாக இருந்த என் மகளுக்கு, தன் ஊர்ப் பக்கத்துப் பெண்ணொருத்தி, தன்னைப் போலவே வீட்டில் உம்மா வாப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவள், அட்டைப்படத்தில் நிற்பது எத்தகைய ஆறுதலாக இருந்தது என்பதை நான் அருகிலிருந்து கண்டவன். ஆகவேதான் அந்த இதழ்களை நானே தேடித் தேடி வாங்கிக் கொடுத்தேன். அட்டையில் 2.99 டாலர் என்று அச்சிட்டிருந்த இதழுக்கு இப்போது 200 டாலர் விலை வைத்திருந்தாள்.

அன்று மாலை ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். எங்கள் மாநிலத்தவர்தாம். "தளத்தின் வழியாக வேண்டாம். நேரடியாக 200 டாலர் அனுப்புகிறேன், அஞ்சல் செலவும் அதற்குள்ளேயே இருக்கட்டும். நண்பருக்கு அன்பளிப்பு என்று குறித்து அனுப்பிவிடுகிறேன். எனக்கு வரி மிச்சம், உங்களுக்குக் கட்டணம் மிச்சம்" என்று எழுதியிருந்தார்.

மகள் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். நம் குடும்பங்களில் இணையத்தில் வாங்கி விற்பவர்கள் இப்போது பலர் இருப்பதால், அந்தக் கணக்கை முழுமையாகவே தருகிறேன்.

இதழின் விலை 200 டாலர், அஞ்சல் செலவு 10 டாலர், ஆக 210. நியூ ஜெர்சியில் விற்பனை வரி 6.625 சதவீதம். வரிக்குரிய பொருளாயின் அதை அனுப்பும் செலவுக்கும் இங்கே வரி உண்டு. எனவே வரி 13.91 டாலர், வாங்குபவர் கொடுப்பது 223.91 டாலர். தளத்தின் கட்டணத்தைச் சுமார் 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், இபே போன்ற தளங்களில் அது பொருளின் விலைக்கு மட்டுமன்றி, அஞ்சலும் வரியும் சேர்ந்த மொத்தத் தொகைக்குக் கணக்கிடப்படுகிறது. ஆகவே கட்டணம் 29.11 டாலர். அஞ்சல் செலவும் போக எங்கள் கைக்கு வருவது 170.89 டாலர்.

வாங்குபவர் கொடுத்தது ஏறக்குறைய 224; விற்றவர் பெற்றது ஏறக்குறைய 171. நடுவில் 43 டாலரும் அஞ்சல் செலவும் போய்விட்டன. இதே இதழை வாங்கியவர் நாளை விற்க நினைத்தால், போட்ட பணத்தை மட்டும் திரும்பப் பெறுவதற்கே சுமார் 262 டாலர் விலை வைக்க வேண்டும். முப்பது சதவீத விலையேற்றம் நிகழ்ந்த பிறகே அவருக்கு இழப்பு நிற்கிறது. இலாபம் அதற்கு அப்பால்தான். 'காமிக்ஸ் வாங்கி வைத்தால் தங்கம் போல் ஏறும்' என்று பிள்ளைகளிடம் சொல்லும் காணொளிகள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

பழைய பொருள் என்பதற்காக இந்த வரியில் சலுகை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே இதழ் இணையத்தில் ஐந்து முறை கைமாறினால் ஐந்து முறையும் வரி விழுகிறது. வரி விகிதமோ விற்பவரின் ஊரைப் பொறுத்ததன்று. பொருள் போய்ச் சேரும் ஊரைப் பொறுத்தது. லூசியானா, டென்னசி போன்ற மாநிலங்களில் உள்ளூர் வரியும் சேர்ந்து 9 சதவீதத்தைத் தாண்டும். டெலாவேர், ஓரிகான், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் விற்பனை வரியே இல்லை. 200 டாலருக்கு மேல் ஒரு காசும் செலவிட இயலாத நியூ ஜெர்சிக்காரர், அஞ்சல் செலவே இல்லாவிட்டாலும், ஏலத்தில் 187 டாலரோடு நின்றுவிட வேண்டும். டெலாவேர்க்காரர் 200 வரை கேட்கலாம். சட்டப்படி வரி வாங்குபவர் மீதுதான். ஆனால் வாங்குபவர்கள் வரியை மனத்தில் கழித்துக்கொண்டே விலை கேட்பதால், அதில் ஒரு பங்கு விற்பவரின் தோளிலும் வந்து இறங்குகிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1992-ல் குவில் என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனம் தொடர்பான வழக்கில், ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ ஊழியரோ இல்லாத வியாபாரியை அம்மாநில வரியை வசூலிக்கச் சொல்ல முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இணையம் வளர்ந்தபோது அந்தத் தீர்ப்பே அதன் பெரும் சலுகையாயிற்று. 2018 ஜூன் 21 அன்று, தெற்கு டகோட்டா மாநிலத்துக்கும் வேஃபேர் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அதை மாற்றியது. அதன்பின் விற்பனை வரி உள்ள மாநிலங்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டமியற்றி, சிறு விற்பனையாளர்களிடம் கேட்பதற்குப் பதிலாகத் தளங்களையே வரி வசூலிக்கச் செய்தன. நியூ ஜெர்சியில் அச்சட்டம் 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

"வாப்பா, இதில் இருவருக்குமே இலாபம். நமக்கு 19 டாலர் கூடுதலாகக் கிடைக்கும். யாருக்கும் நட்டமில்லையே?" என்று மகள் கேட்டாள்.

"அரசாங்கத்துக்குச் சேர வேண்டியதை மறைப்பது கூடாது, மகளே" என்றேன்.

அவள் விடவில்லை. சட்டத்தைத் தேடிப் படித்துவிட்டு வந்தாள். தன் சொந்தப் பொருளை எப்போதாவது விற்கும் தனி மனிதரின் விற்பனைக்கு, வாகனம், படகு போன்ற சில பொருள்கள் நீங்கலாக, நியூ ஜெர்சிச் சட்டம் விலக்கு அளிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் மேசை போட்டுப் பழைய பொருள்களை விற்கும்போது யாரும் வரி கேட்பதில்லை அல்லவா? "நானும் கடைக்காரி அல்லவே" என்றாள்.

அவள் சொன்னது சரி. நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். பிறகு இருவரும் அமர்ந்து, அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது என்று தேடினோம். இரண்டு இடங்களில் அது அகப்பட்டது. முதலாவது, அந்த வாங்குபவர் எங்களைக் கண்டது தளத்தின் வழியாக. தளத்தில் அறிமுகமானவரோடு வெளியே சென்று விற்பனையை முடிப்பதில்லை என்ற நிபந்தனையை நான் ஏற்றுக்கொண்டுதான் கணக்குத் தொடங்கியிருக்கிறேன். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி ஈமான் கொண்டோருக்கு இடப்பட்ட கட்டளையோடுதான் அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. எதிர்த் தரப்பு பெரிய நிறுவனம் என்பதால் ஒப்பந்தம் சிறியதாகிவிடாது. இரண்டாவது, விற்பனைக்கு 'அன்பளிப்பு' என்று பெயர் சூட்டுவது. அது பொய். அந்தப் பொய்யை அவர் எழுதினாலும், பணத்தைப் பெற்றுக்கொள்ளும் நாங்களும் அதில் பங்காளிகள். நாளை இதழ் வந்து சேரவில்லையென்று அவர் முறையிட்டால், அன்பளிப்புக்குப் பாதுகாப்புக் கிடையாது என்று அவருக்கே கதவு மூடப்படும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதை உள்ளபடி தெளிவுபடுத்தினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிந்துவிடும் என்ற கருத்துள்ள நபிமொழியை அன்று காலையில்தான் வகுப்பில் விளக்கியிருந்தேன்.

மகள் பணிவாகவே மறுப்பு எழுதினாள். அவர் பதிலளிக்கவில்லை.

சற்று நேரம் கழித்து அவள் என் அருகில் வந்து அமர்ந்தாள். "வாப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்லூரி உதவித்தொகைக்காக உங்கள் பழைய வரிப் படிவங்களை எடுத்தேன். அதில் பயன்பாட்டு வரி என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லா ஆண்டும் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இதழ்களையெல்லாம் வெளி மாநிலக் கடைகளிலிருந்து வரியில்லாமல்தானே வாங்கித் தந்தீர்கள்?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

குவில் தீர்ப்பு விற்பவரைத்தான் விடுவித்தது, வாங்குபவரை விடுவிக்கவில்லை. விற்பவர் வசூலிக்காத வரியை வாங்கியவர் தாமே கணக்கிட்டுத் தம் மாநிலத்துக்குச் செலுத்த வேண்டும் என்பதே பயன்பாட்டு வரி. அதற்காகவே நியூ ஜெர்சியின் வருமான வரிப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. இணையத்திலும் அஞ்சலிலும் வாங்கியவற்றுக்கு உரிய வரியை அங்கே எழுத வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் 0.00 என்று எழுதும்படி படிவமே சொல்கிறது. வெறுமனே விட்டுவிடுவதற்கு அங்கே வழி இல்லை. 'இல்லை' என்று நம் கையால் எழுத வேண்டும். பின்னர், மேலே கண்டவை யாவும் உண்மை என்று கையெழுத்திட வேண்டும்.

2014 முதல் 2018 வரை ஆண்டுதோறும் நான் அதை எழுதினேன், கையெழுத்தும் இட்டேன். எனக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்லிவிட ஆசைதான். முதல் ஆண்டு தெரியாதுதான். இரண்டாம் ஆண்டு அந்தக் கட்டத்தைப் படித்தேன்; 'இதை யார் எழுதுகிறார்கள்' என்று எண்ணிக்கொண்டு கடந்து போனேன். தளம் தானே வரியைப் பிடிக்கத் தொடங்கியபோது, 'புதிதாக வரி போட்டுவிட்டார்கள்' என்று நண்பர்களோடு சேர்ந்து நானும் குறைபட்டேன். புதிய வரி எதுவும் வரவில்லை. நாங்கள் கொடுக்காமல் இருந்ததை வேறொருவர் எங்களிடமிருந்து வாங்கிக் கொடுக்கத் தொடங்கினார், அவ்வளவே.

இன்னொரு முகமும் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் ஒரு சிறிய காமிக்ஸ் கடை உண்டு. மகளை அழைத்துச் சென்று அங்கே இதழ்களைப் புரட்டிப் பார்க்க விடுவேன். கடைக்காரர் அவளிடம் பொறுமையாகப் பேசுவார். எந்த அச்சு முதல் அச்சு, எது மறு அச்சு என்று கற்றுக்கொடுத்ததே அவர்தாம். பிறகு வீட்டுக்கு வந்து, வரி மிச்சம் என்று இணையத்தில் வாங்குவேன். அவர் வாடகை கொடுத்து, ஒவ்வோர் இதழுக்கும் வரி வசூலித்து, அரசுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். என் 'மிச்சம்' அரசாங்கத்தின் பெட்டியிலிருந்து மட்டும் வந்ததன்று. அண்டை வீட்டாருக்கு நிகரான அந்த மனிதரின் கல்லாவிலிருந்தும் வந்தது. அளவிலும் நிறுவையிலும் குறைப்போரை எச்சரிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை நான் எப்போதும் வியாபாரிகளுக்கு உரியதாகவே விளக்கி வந்தேன். தமக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து கொள்வோரையும் அது சொல்கிறது என்பது அன்றிரவு உறைத்தது.

இந்த இடத்தில் சில சகோதரர்கள், "ஜகாத்துக்கு மேல் விதிக்கப்படும் வரி மார்க்கத்தில் உண்டா? அது மக்ஸ் எனும் அநியாய வரி ஆகாதா?" என்று கேட்பார்கள். அறிஞர்களிடையே பழங்காலம் தொட்டே பேசப்பட்டு வரும் கேள்விதான் அது. பொதுத் தேவைக்காக வரி விதிப்பதை ஆகுமென்றோரும் உண்டு. நான் ஃபத்வா சொல்லும் தகுதி உடையவன் அல்லன். ஆனால் என் நிலைக்கு அந்த விவாதம் தேவைப்படவில்லை. இந்நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டு இங்கே வாழ்கிறேன். உண்மை என்று சான்றளித்துக் கையெழுத்திட்டேன். வரி விதிக்கும் உரிமையைப் பற்றி வாதாடலாம். பொய்ச் சான்று பற்றி வாதாட என்ன இருக்கிறது?

மறுநாள் பழைய மின்னஞ்சல்களைத் திறந்து கணக்கெடுத்தோம். காமிக்ஸ் மட்டுமன்றி, வெளி மாநிலப் புத்தகக் கடைகளிலிருந்து நான் தருவித்த கிதாபுகளும் பட்டியலில் வந்தன. தனி மனிதர்கள் தம் சொந்தப் பிரதியை விற்றவற்றை ஒதுக்கினோம். கடைகளிடமும் வியாபாரிகளிடமும் வாங்கியவை 1,120 டாலருக்கு வந்தன. 2016 வரை 7 சதவீதம், 2017-ல் 6.875, 2018 முதல் 6.625 என்று அந்தந்த ஆண்டின் விகிதப்படி பெருக்கினால் மொத்த வரி 77 டாலர் 58 காசு. ஐந்து ஆண்டுப் பொய்யின் விலை அவ்வளவுதான். கணக்காளர் ஒருவரின் உதவியோடு திருத்தப் படிவங்களை அனுப்பி, தாமதத்துக்குரிய கூடுதல் தொகையையும் சேர்த்துச் செலுத்தினேன். "இதற்காகவா வந்தீர்கள்?" என்று அவர் வியந்தார். அந்தத் தொகை கணிசமானதாக இருந்திருந்தால் எனக்கு வெட்கம் குறைவாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் ஈரத் தானியப் பாடத்தை மீண்டும் எடுத்தேன். இம்முறை என் பூஜ்யத்தையும் பிள்ளைகளிடம் சொன்னேன்.

சேகரிப்புப் பொருள்களை வாங்கி விற்கும் நம் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நிய்யத் என்பது தொழுகைக்கும் நோன்புக்கும் மட்டும் உரியதென்று எண்ணிவிடாதீர்கள். விற்பதற்கென்றே வாங்கும் பதிவு பெற்ற வியாபாரிக்கு, மறுவிற்பனைச் சான்றைக் காட்டி வரியின்றி வாங்கும் உரிமையை இங்குள்ள சட்டம் அளிக்கிறது. அவர் விற்கும்போது வரி வசூலாகும். அந்தச் சான்றைக் காட்டி வாங்கிய இதழைத் தம் சொந்த அலமாரியில் வைத்துக்கொண்டால், அன்றே அவர் மீது பயன்பாட்டு வரி கடமையாகிவிடுகிறது. நம் ஃபிக்ஹிலும் இதற்கு நெருங்கிய ஒரு சட்டம் இருக்கிறது. படித்து மகிழ வைத்திருக்கும் புத்தகங்களுக்கு ஜகாத் இல்லை. விற்கும் எண்ணத்தோடு வாங்கிய சரக்குக்கு, நிஸாப் நிறைந்து ஓர் ஆண்டு கடந்தால் இரண்டரை சதவீதம் ஜகாத் உண்டு. ஒரே இதழ், ஒரே அலமாரி. எண்ணம் மாறினால் கடமை மாறுகிறது. வரி அலுவலரிடம் 'வியாபாரத்துக்கு' என்றும், ஜகாத்துக் கணக்கில் 'சொந்தத்துக்கு' என்றும் சொல்பவர் இரண்டு இடத்திலும் யாரை ஏமாற்றுகிறார்? வரி கொடுத்துவிட்டோம் என்பதற்காக ஜகாத் நீங்கிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த இதழ் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஆறு வாரம் விற்காமல் கிடந்தது. பிறகு 185 டாலருக்குத் தளத்தின் வழியாகவே விற்றது. பரக்கத் என்பது உடனே கூடுதல் விலையாக வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இக்கதையில் ஒன்றும் இல்லை. கட்டணமும் அஞ்சல் செலவும் போக வந்த தொகையைக் கண்டு மகள் பெருமூச்சு விட்டாள். அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பெட்டியை ஒட்டினாள்.

சென்ற மாதம் இந்த ஆண்டின் படிவத்தை நிரப்பினேன். அந்தக் கட்டம் வந்ததும் மகளை அழைத்தேன். வெளி மாநிலத்துச் சிறு கடை ஒன்றிலிருந்து நேரடியாக வாங்கிய ஒரு கிதாபுக்கு வரி பிடிக்கப்படவில்லை. கணக்கிட்டால் 2 டாலர் 65 காசு. அதை அவளே எழுதினாள், நான் கையெழுத்திட்டேன்.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி, நம் கைகள் எழுதுவதையும் நம் நாவுகள் போதிப்பதையும் ஒன்றாக ஆக்கி வைப்பானாக! நம் பிள்ளைகளின் வழியாக நம்மைத் திருத்துவானாக! ஆமீன்.